போர்ப் பேச்சு முடிந்து வாடகை வந்தது: ஒரு திங்கட்கிழமை நாடாளுமன்றம்

வாசகர் கேள்வி, 23 அக்டோபர் 2023, இரவு 10.40

மதியத்திலிருந்து டிவியில் பிரிட்டன் நாடாளுமன்றம் ஓடிக்கொண்டிருந்தது. காஸா பற்றிப் பிரதமர் பேசியபோது உட்கார இடமில்லை, வாசல்வரை நின்றார்கள். அது முடிந்து வாடகைக்காரர் மசோதா வந்ததும் சாப்பாடு முடிந்த கல்யாணப் பந்தல் மாதிரி ஆகிவிட்டது. இங்கிலாந்தில் 1 கோடியே 10 லட்சம் பேர் தனியார் வாடகை வீடுகளில் இருக்கிறோம். எங்கோ நடக்கும் சண்டையைப் பற்றி இவர்கள் பேசி என்ன ஆகப்போகிறது? எங்கள் வீட்டைப் பற்றிப் பேச ஏன் ஆளில்லை?

24 அக்டோபர் 2023, நள்ளிரவு 12.25

நானும் பார்த்தேன். நேற்று எனக்கு ஷிப்ட் இல்லை. துணி மடித்துக்கொண்டே பார்த்தது. மகளுக்குப் பள்ளி விடுமுறை, கார்ட்டூன் கேட்டு அழுதாள், ரிமோட்டைத் தரவில்லை. அதற்கான தண்டனை இன்று கிடைக்கும்.

முதலில் நாற்காலி விஷயம். அந்த அவையில் உறுப்பினர்கள் 650 பேர். இருக்கைகளோ 430-க்கும் குறைவு. பெரிய அறிவிப்பு வரும் நாளில் காலையிலேயே வந்து இருக்கையின் முதுகில் ஒரு சீட்டைச் செருகி, பிறகு பிரார்த்தனைக்கு வந்து உட்கார்ந்து இடம் பிடிப்பார்கள். நம்மூர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவதுதான், இங்கே கோட்டு சூட்டோடு செய்கிறார்கள். பிரதமர் வந்தால் நெரிசல், அவர் போனால் காலி. எந்த மசோதாவுக்கும் இதே கதிதான்.

காலி நாற்காலியைவிட எனக்கு உறுத்தியது தேதி. இந்த மசோதாவை மே 17-ஆம் தேதி அறிமுகப்படுத்தினார்கள். ஐந்து மாதம் கழித்துத்தான் இரண்டாம் வாசிப்பு, அதாவது முதல் விவாதம். இந்தக் கூட்டத்தொடர் வருகிற வியாழக்கிழமையோடு முடிகிறது. அதாவது மூன்று நாள் மீதி இருக்கும்போது கொண்டுவருகிறார்கள். அப்படியே விட்டால் மசோதா செத்துவிடும் என்பதால், அடுத்த கூட்டத்தொடருக்கு எடுத்துச் செல்ல ஒரு தீர்மானமும் சேர்த்து வைத்தார்கள்.

அதைவிட முக்கியமானது வெள்ளிக்கிழமை சத்தமில்லாமல் நடந்தது. காரணம் சொல்லாமல் காலி செய்யச் சொல்லும் பிரிவு 21 போகும், ஆனால் நீதிமன்றங்கள் சீரான பிறகுதான் போகும் என்று அரசு, நாடாளுமன்றத் தேர்வுக் குழுவுக்குப் பதில் எழுதிவிட்டது. எந்தத் தேதியில் சீராகும் என்று அதில் இல்லை. இதைப் படித்துவிட்டு நேற்றைய விவாதத்தைப் பார்த்தால், அமைச்சர் மைக்கேல் கோவ் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் காதில் ஏறவில்லை. நன்றாகவே பேசினார், அது வேறு விஷயம்.

எப்படியோ மசோதா பெரிய வித்தியாசத்தில் வாக்கெடுப்பில் தேறிவிட்டது. தூங்கப் போகிறேன்.

24 அக்டோபர் 2023, காலை 7.50

திருத்தம். வாக்கெடுப்பே நடக்கவில்லை. தூக்கக் கலக்கத்தில் எழுதிவிட்டேன். ஆதரிப்போர் சொல்லுங்கள், எதிர்ப்போர் சொல்லுங்கள் என்று கேட்பார்கள். எதிர்த்துக் குரல் வராவிட்டால் மணி அடிக்காது, யாரும் வரிசையில் போய் எண்ணப்பட வேண்டாம். அப்படியே நிறைவேறியது. எதிர்க்கட்சியான லேபர் கட்சியும் எதிர்க்கவில்லை. அந்தக் கட்சியின் ஏஞ்சலா ரெய்னர் தாமதத்துக்காகத் திட்டினார், மசோதாவுக்காக அல்ல.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வாக்கெடுப்பு இல்லையென்றால் யார் எந்தப் பக்கம் என்ற பட்டியலும் இல்லை. ஆளும் கட்சிக்குள் இந்த மசோதா பிடிக்காதவர்கள் யாரும் வெளியே தெரியவேண்டிய அவசியம் வரவில்லை. பேசியவர்களில் வீட்டுக்காரர்களும் உண்டு. "உறுப்பினர் நலன் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே உள்ளதைப் பாருங்கள்" என்று ஒருவர் தொடங்கினாலே அவருக்கு வாடகை வருமானம் உண்டு என்று புரிந்துகொள்ளலாம். ஆண்டுக்கு 10,000 பவுண்டுக்கு மேல் வாடகை வந்தால் பதிவுசெய்ய வேண்டும். அந்த வாக்கியம் வரும்போதெல்லாம் ஒரு வாய் டீ என்று வைத்துக்கொண்டேன். கெட்டில் இரண்டு முறை போட்டேன்.

24 அக்டோபர் 2023, இரவு 9.15

பிரிவு 21 என்றால் என்ன என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். சட்டப் புத்தகம் எனக்கு வராது, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

1988-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தில் உள்ள பிரிவு அது. ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டால், வீட்டுக்காரர் இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்து வீட்டைத் திரும்பக் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. வாடகை பாக்கி, சேதம் என்று காரணம் காட்டிக் கேட்பது பிரிவு 8. அது தனி.

எனக்கு நோட்டீஸ் வந்தது 2022 நவம்பரில். கிழக்கு லண்டனில் ஒரு கடையின் மாடி, இரண்டு அறை, ஆறு வருடமாக இருந்தோம். வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். நான் தஞ்சாவூர்ப் பக்கம். அவரை "அண்ணே" என்பேன், "அண்ணை எண்டு சொல்லும்" என்று ஆறு வருடமும் திருத்துவார். ஒருநாளும் வாடகை பிந்தியதில்லை. பொங்கலுக்கு அவர் வீட்டுக்குப் போவோம். ஒரு சனிக்கிழமை தானே மேலே வந்தார், கவரை மேஜையில் வைத்துவிட்டு, டீ குடிக்காமல் போனார். டீ குடிக்காமல் போனபோதே எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

கவுன்சில் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே சொன்னது: வீட்டிலேயே இருங்கள், நீதிமன்றம் உத்தரவு போட்டு அமீனா வந்து வெளியேற்றும்வரை இருங்கள், அதற்கு முன் நீங்களாகப் போனால் வேண்டுமென்றே வீட்டை விட்டதாக ஆகிவிடும். சட்டப்படி 56 நாளுக்குள் வீடிழக்கும் நிலை வந்தாலே உதவ வேண்டும் என்று 2018-லிருந்து விதி இருக்கிறது. கவுன்ட்டரில் இருந்த பெண்ணுக்கும் அது தெரிந்திருந்தது. அவரிடம் கொடுப்பதற்கு வீடுதான் இல்லை.

அப்புறம் ஒரு இலவச ஆலோசனை மையத்தில் ஒரு வயதான அம்மா என் காகிதங்களைப் புரட்டிப் பார்த்து, "டெபாசிட் எந்தத் திட்டத்தில் இருக்கிறது?" என்று கேட்டார். டெபாசிட்டை அண்ணையின் கையில் ரொக்கமாகக் கொடுத்திருந்தேன். அது அவர் பீரோவில் இருந்திருக்கும். 2007-லிருந்து வாங்கிய டெபாசிட்டை அங்கீகரிக்கப்பட்ட திட்டம் ஒன்றில் போட வேண்டும், இப்போது 30 நாள் கெடு. போடாவிட்டால் பிரிவு 21 நோட்டீஸ் செல்லாது, டெபாசிட்டைப் போல ஒன்று முதல் மூன்று மடங்கு வரை நஷ்டஈடும் கேட்கலாம்.

நான் நஷ்டஈடு கேட்கவில்லை. அவர் ஜனவரியில் டெபாசிட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, புது நோட்டீஸ் சரியாகக் கொடுத்தார். அப்படிச் செய்யச் சட்டம் இடம் தருகிறது. ஆக எனக்குக் கிடைத்தது சில மாதங்கள் மட்டும். அந்தச் சில மாதங்களில்தான் மகளுடைய பள்ளிக்குப் பக்கத்திலேயே வேறு வீடு கிடைத்தது. அமீனா வரும்வரை உட்கார்ந்திருக்க மனைவி ஒப்பவில்லை. அதைப் பிள்ளை பார்க்கக் கூடாது என்றாள். மே மாதம் சாமான் ஏற்றினோம். வேன் அமர்த்திய வாரம்தான் மேலே சொன்ன மசோதா அறிமுகமானது. வேன்காரரின் ரேடியோவில் கேட்டேன். அவர் சேனலை மாற்றினார்.

24 அக்டோபர் 2023, இரவு 10.05

ஒன்று விட்டுப்போனது. அண்ணையைக் கெட்டவராக்கி எழுதிவிட்டேனோ என்று இருக்கிறது. 2021 டிசம்பர் தொடக்கத்தில் 0.1 சதவீதமாக இருந்த இங்கிலாந்து வங்கியின் வட்டி, அவர் கவர் கொண்டுவந்த மாதத்தில் 3 சதவீதம். இப்போது 5.25. அவருடைய வீட்டுக் கடன் நிலையான வட்டியில் இல்லை. உக்ரைன் போரால் எரிவாயு ஏறியது, விலைவாசி ஏறியது, வட்டி ஏறியது, கடைசியில் கவர் என் மேஜைக்கு வந்தது. இதை எழுதும்போதுதான் உறைக்கிறது: "எங்கோ நடக்கும் சண்டை" என்று கேட்டவருக்கு முதல் நாளே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

25 அக்டோபர் 2023, மாலை 4.30

"சரி, வட்டி புரிகிறது. ஆனால் காஸாவைப் பற்றி லண்டனில் பேசினால் அங்கே குண்டு நிற்குமா?" என்று திரும்பக் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி.

திங்கட்கிழமை பிரதமர் சுனக் என்ன சொன்னார் என்று பார்ப்போம். இஸ்ரேல், சவுதி, எகிப்து போய்வந்து அறிக்கை தந்தார். காஸாவின் அல் அஹ்லி மருத்துவமனை வெடிப்புக்கு, காஸாவுக்குள்ளிருந்து இஸ்ரேலை நோக்கி ஏவிய ஏவுகணையோ அதன் ஒரு பகுதியோ காரணமாக இருக்கலாம் என்பது பிரிட்டனின் கணிப்பு என்றார். கூடுதலாக 2 கோடி பவுண்டு மனிதாபிமான உதவி என்றார். அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் எகிப்து எல்லையிலுள்ள ராஃபா வழியாக முதல் 20 லாரிகள் உள்ளே போயிருந்தன. 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழும் இடத்துக்கு 20 லாரி. எதிர்க்கட்சித் தலைவர் ஸ்டார்மரும் பெருமளவு அவரோடு ஒத்துத்தான் பேசினார். பின்வரிசையில் எழுந்தவர்கள் பலர் தங்கள் தொகுதி மக்களின் உறவினர்களைப் பற்றிக் கேட்டார்கள்: பணயமாகப் பிடிபட்டவர்கள், காஸாவில் சிக்கியவர்கள். உள்ளூர் விஷயம் என்று நாம் நினைப்பதும் வெளிநாட்டு விஷயம் என்று நினைப்பதும் அங்கே ஒரே ஆளின் வாயில் வந்தன.

இன்று பிரதமரின் கேள்வி நேரத்தில், உதவி போய்ச்சேர "குறிப்பிட்ட இடைநிறுத்தங்கள்" வேண்டும், அது போர்நிறுத்தம் ஆகாது என்று சுனக் பிரித்துச் சொன்னார். இந்த வார்த்தை வித்தியாசத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணை எடுத்துக்கொண்டார். ஆமாம், அவரோடு இன்னும் பேசுகிறேன், மதியம்தான் போன் செய்தார். 2009 ஏப்ரலில் வன்னியில் ஷெல் விழுந்துகொண்டிருந்தபோது, இதே நாடாளுமன்றச் சதுக்கத்தில் தமிழர்கள் எழுபது நாளுக்கு மேல் நின்றார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் உட்கார்ந்து மறித்தவர்களில் இவரும் ஒருவர். "உள்ளுக்கை அவையள் கதைச்சவை, வெளியிலை நாங்கள் நிண்டனாங்கள்" என்பார். வெளியுறவு அமைச்சர் டேவிட் மிலிபாண்ட் ஏப்ரல் கடைசியில் பிரெஞ்சு அமைச்சரோடு கொழும்பு போனார். மே நடுவில் எல்லாம் முடிந்துவிட்டது. அப்போதும் "இடைநிறுத்தம்" என்ற சொல் இருந்தது, "பாதுகாப்பு வலயம்" என்ற சொல்லும் இருந்தது என்றார் அண்ணை. அதற்குமேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: பேசினால் நிற்குமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் பேசக்கூட ஆளில்லாமல் வெளியே நின்றவரைத் தெரியும். திங்கட்கிழமை அந்த அவை நிரம்பியிருந்ததை நான் குறை சொல்லமாட்டேன்.

26 அக்டோபர் 2023, இரவு

இன்று கூட்டத்தொடரை முடித்துவைத்தார்கள். பிரபுக்கள் அவையில் தொப்பியைக் கழற்றி மாட்டி, ஒவ்வொரு சட்டத்துக்கும் பழைய நார்மன் பிரெஞ்சில் "அரசர் விரும்புகிறார்" என்று படித்தார்கள். நம் மசோதா அந்தப் பட்டியலில் இல்லை. அரசர் விரும்ப இன்னும் நாளாகும்.

27 அக்டோபர் 2023

"இங்கே இருப்பவர்களுக்கு ஓட்டு ஏது, குடியுரிமை வேண்டுமே" என்று ஒருவர் எழுதியிருந்தார். வேண்டாம். சட்டப்படி இங்கே வசிக்கும் காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் பொதுத்தேர்தலிலும் வாக்களிக்கலாம். இந்தியா, இலங்கை இரண்டும் காமன்வெல்த். வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதியுங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கள் அடிக்கடி முகவரி மாறுவதால் பட்டியலிலிருந்து விழுந்துவிடுகிறோம். நானே மே மாதம் மாறியதற்கு இன்னும் பதியவில்லை. இதை எழுதிவிட்டுப் பதிகிறேன்.

இன்னொரு திருத்தமும். முதல் குறிப்பிலிருந்தே "இங்கே" "இங்கே" என்று எழுதி, நாடு முழுக்க ஒரே விதி என்பதுபோல ஆக்கிவிட்டேன். பிரிவு 21 இங்கிலாந்தின் தலைவலி. ஸ்காட்லாந்து 2017 டிசம்பரிலேயே காரணமில்லா வெளியேற்றத்தைப் புது வாடகைகளுக்கு நிறுத்திவிட்டது. வேல்ஸில் தனிச்சட்டம், 2022 டிசம்பரிலிருந்து. வெஸ்ட்மின்ஸ்டரில் உட்கார்ந்து வாக்களிக்கும் ஸ்காட்லாந்து உறுப்பினருக்கு இந்த மசோதாவால் தொகுதியில் ஒன்றும் மாறாது. வெளியுறவோ எல்லோருக்கும் பொது. திங்கட்கிழமை இருக்கைகள் காலியானதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

16 நவம்பர் 2023

நேற்று காஸாவில் போர்நிறுத்தம் கோரும் திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. 125 பேர் ஆதரவு, 293 பேர் எதிர்ப்பு. லேபர் உறுப்பினர்கள் 56 பேர் தலைமையை மீறி ஆதரித்தார்கள், சிலர் பதவியை விட்டார்கள். மணி அடித்து, நடந்து, எண்ணினால் ஒரு பட்டியல் கிடைக்கிறது. என் தொகுதிக்காரர் எந்தப் பக்கம் என்று ஐந்து நிமிடத்தில் பார்த்துவிட்டேன். வாடகை மசோதாவில் இதைச் செய்ய முடியவில்லை.

19 நவம்பர் 2023, ஞாயிறு

மழை. வெளியே போகவில்லை. பழைய வரலாறு ஒன்றைப் படித்தேன்.

பிரிட்டனில் வாடகைக்கு முதன்முதலில் கடிவாளம் போட்டது ஒரு போர். 1915-இல் கிளாஸ்கோ கப்பல் பட்டறைகளுக்கும் ஆயுதத் தொழிற்சாலைகளுக்கும் ஆட்கள் குவிந்தார்கள். வீடு போதவில்லை, வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். ஆண்கள் பலர் போர்முனையில், வீட்டில் பெண்கள். கோவன் பகுதியில் மேரி பார்பர் என்பவர் முன்னால் நிற்க, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஏற்றிய வாடகையைத் தர மறுத்தன. காலி செய்ய ஆள் வந்தால் மணி அடிப்பார்களாம், மொத்தத் தெருவும் படியில் வந்து நிற்குமாம், மாவுப் பொட்டலம் பறக்குமாம். நவம்பர் 17 அன்று வழக்குக்கு அழைக்கப்பட்டவர்களுக்காக நீதிமன்றத்தின் முன் பெருங்கூட்டம் திரண்டது. அந்த வருடம் முடிவதற்குள் நாடாளுமன்றம் சட்டம் போட்டு, வாடகையைப் போர் தொடங்கியபோது இருந்த அளவில் நிறுத்திவிட்டது.

ஆறு வாரம்கூட இல்லை! குண்டு தயாரிப்பு நின்றுவிடும் என்றதும் ஆறு வாரம்கூட ஆகவில்லை.

அந்தச் சட்டத்தின் வால் இந்தியாவரை நீண்டது. பம்பாயில் 1918-இல் போர்க்கால வாடகைச் சட்டம். சென்னை மாகாணத்தில் இரண்டாம் உலகப்போரின்போது கட்டுப்பாடு வந்து, சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்ந்து, 1960-ஆம் ஆண்டுச் சட்டமாக நிலைத்தது. நாம் சாதாரணமாக "ரென்ட் கன்ட்ரோல்" என்பது அதைத்தான். என் பெரியப்பா திருவல்லிக்கேணியில் ஒரு பழைய வீட்டில் குடியிருந்தார். வீட்டுக்காரர் "சொந்த உபயோகம்" என்று மனு போட, சிறு வழக்கு நீதிமன்றத்தில் அது பதினோரு வருடம் ஓடியது. பெரியப்பா அதைச் சாதனையாகச் சொல்வார். வீட்டுக்காரரின் மகன் அந்தப் பதினோரு வருடமும் ஒரே அறையில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு இருந்ததைப் பெரியம்மாதான் சொன்னார். நீதிமன்றம் சீராகட்டும் என்று கோவ் சொன்னதை நான் சாக்கு என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனால் பதினோரு வருடம் ஞாபகம் வரும்போது முழுக்கச் சாக்கு என்று எழுதக் கை வரவில்லை.

(தமிழ்நாட்டில் அந்தச் சட்டம் இப்போது இல்லை. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. அதில், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறவரிடம் இதைச் சொல்லிப் பார்த்தவர்கள் அனுபவத்தை எழுதுங்கள், சிரிக்கவேண்டும்.)

25 மே 2024

செத்துவிட்டது. தேர்தல் அறிவித்தார் சுனக், மழையில் நனைந்துகொண்டே. மீதி இரண்டு நாளில் அவசரமாகச் சில மசோதாக்களைக் கரையேற்றினார்கள். வாடகைக்காரர் மசோதா ஏப்ரல் 24 அன்று கீழவையைத் தாண்டிப் பிரபுக்கள் அவையில் இருந்தது. கரையேறவில்லை. குத்தகை முறையில் வீடு வாங்கியவர்களுக்கான மசோதா ஏறிவிட்டது. சொந்தமாக ஏதோ ஒன்று வைத்திருப்பவர் தோணியில், ஒன்றுமில்லாதவர் தண்ணீரில்.

பிரிவு 21 போகும் என்று அப்போதைய பிரதமர் தெரசா மே வாக்குக் கொடுத்தது 2019 ஏப்ரலில். ஐந்து வருடம்.

15 ஜனவரி 2025

இந்தக் கேள்வி-பதில் இழை தூசி படிந்துவிட்டது, தட்டி எழுப்புகிறேன். லேபர் கட்சியின் புது அரசு கொண்டுவந்த புது மசோதா நேற்று கீழவையைத் தாண்டியது. இந்த முறை நீதிமன்றம் சீராகட்டும் என்ற வாசகம் இல்லை. ஒரே நாளில் பழைய ஒப்பந்தம், புது ஒப்பந்தம் எல்லாவற்றுக்கும் பிரிவு 21 போகும். வாடகையை வருடத்துக்கு ஒருமுறைதான் ஏற்றலாம், தீர்ப்பாயத்தில் ஆட்சேபிக்கலாம். விளம்பரத்தில் போட்ட வாடகைக்கு மேல் ஏலம் கேட்கக்கூடாது. விற்கவோ தானே குடியேறவோ வேண்டுமென்றால் வீட்டுக்காரர் நான்கு மாத நோட்டீஸ் தரவேண்டும், முதல் வருடத்தில் அதுவும் முடியாது.

எனக்குப் பிடித்தது நேற்று சேர்த்த திருத்தம்: ஒரு மாதத்துக்கு மேல் முன்வாடகை கேட்கக்கூடாது. 2023-இல் இப்போதைய வீட்டுக்கு ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கட்டினேன். மனைவியின் வளையல் இரண்டு அடகுக்குப் போயின. ஒன்றுதான் திரும்பி வந்திருக்கிறது. நேற்று அந்தத் திருத்தம் நிறைவேறியபோது அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இப்பதான் தோணிச்சா அவங்களுக்கு" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

16 ஜனவரி 2025

நேற்று எழுதியதில் கொஞ்சம் பின்வாங்குகிறேன். சித்தி மகன் போன வருடம் படிக்க வந்தான். இங்கே அவனுக்குக் கடன் வரலாறு இல்லை, ஜாமீன் நிற்க வீட்டுச் சொந்தக்காரர் யாரும் இல்லை, என் சம்பளம் ஜாமீனுக்குப் போதாது. ஆறு மாத வாடகையைக் கையில் வைத்துக்கொண்டு போனதால்தான் அவனுக்கு அறை கிடைத்தது. நாளைக்கு அந்தக் கதவையும் சாத்தினால், ஏஜென்ட் அவனுக்கு முன்னால் சம்பளச் சீட்டோடு நிற்பவனை உள்ளே விடுவான். வீட்டுக்காரர் வாடகைக்கு விடுமுன் குடியேற்ற ஆவணங்களைச் சோதிக்கவேண்டும் என்ற விதி இங்கிலாந்து முழுக்க 2016-லிருந்தே இருக்கிறது, அதனாலேயே பாஸ்போர்ட் இருப்பவருக்கு முதல் சலுகை. நல்ல சட்டம்தான். புதிதாக விமானத்தில் இறங்குகிறவனுக்கு மட்டும் அது எப்படி வேலை செய்யும் என்று தெரியவில்லை. வளையல் போனாலும் வீடு கிடைத்தது என்று சொல்ல நான் ஒருவன் இருக்கிறேன்.

8 ஆகஸ்ட் 2025

வீடற்றோர் பிரச்சினைக்குப் பொறுப்பான இளைய அமைச்சர் ராஜினாமா. அவருடைய சொந்த வீட்டில் குடியிருந்தவர்கள் வெளியேறிய பிறகு, அதே வீட்டை மாதம் 700 பவுண்டு கூட்டி விளம்பரம் செய்தது பத்திரிகையில் வந்துவிட்டது. சட்டப்படிதான் நடந்தேன் என்றார். உண்மைதான், இன்றைய சட்டப்படி. விற்கப்போகிறேன் என்று காலி செய்யவைத்தால் பன்னிரண்டு மாதம் மறுபடி வாடகைக்கு விடக்கூடாது என்பதே அவர் அரசு கொண்டுவந்த மசோதாவில் இருக்கிறது. வருமுன் காப்பது என்பார்கள், இவர் வருமுன் ஏற்றிவிட்டார்.

28 அக்டோபர் 2025

நேற்று அரசர் விரும்பிவிட்டார். இந்த இழை தொடங்கி இரண்டு வருடமும் நான்கு நாளும். முதல் கேள்வி கேட்டவர் இப்போதும் படிக்கிறாரா? அவர் அதற்குள் இரண்டு வீடு மாறியிருந்தால் ஆச்சரியமில்லை.

ஆனால் நேற்று இரவு பிரிவு 21 போய்விடவில்லை. அமலுக்கு வரும் தேதி பின்னால் சொல்வார்களாம். தாங்கள்தான் அவசரப்படுகிறீர்கள் என்று அண்ணை போனில் சிரித்தார். அவர் அந்த மாடியை 2023-லேயே விற்றுவிட்டார். விற்ற காசில் பாதி வங்கிக்கு. வாங்கியவர் இப்போது நாங்கள் கொடுத்ததைவிட 450 பவுண்டு கூடுதலாக வாங்குகிறார்.

15 நவம்பர் 2025

தேதி வந்துவிட்டது: 2026 மே 1. கடைசியில் காலண்டரில் வட்டம் போட ஒரு தேதி.

அதனால் ஒரு எச்சரிக்கை. என்னோடு ராத்திரி ஷிப்டில் இருக்கும் நண்பருக்கு வியாழக்கிழமை பிரிவு 21 நோட்டீஸ் வந்திருக்கிறது. "அதான் சட்டம் வந்துடுச்சே" என்று அதை மடித்து டிராயரில் வைத்துவிட்டார். அப்படி வைக்காதீர்கள். மே 1-க்கு முன் முறையாகக் கொடுத்த நோட்டீஸ் செல்லும், கொடுத்த ஆறு மாதத்துக்குள் அல்லது ஜூலை 31-க்குள், எது முந்தியோ அதற்குள், வீட்டுக்காரர் நீதிமன்றத்தில் வழக்கைத் தொடங்க வேண்டும். மே 1-க்கு இன்னும் ஐந்தரை மாதம் இருக்கிறது. இதுபோன்ற கவர்கள் நிறைய வரும் என்று நினைக்கிறேன்.

வந்தால் பார்க்க வேண்டியவை: நோட்டீஸ் சரியான படிவத்தில் இருக்கிறதா, இரண்டு மாதம் முழுதாக இருக்கிறதா, டெபாசிட் எந்தத் திட்டத்தில் எந்தத் தேதியில் போடப்பட்டது, எரிவாயுப் பாதுகாப்புச் சான்றிதழும் ஆற்றல்திறன் சான்றிதழும் உங்களுக்குத் தந்தார்களா, அரசின் வாடகைக் கையேட்டைத் தந்தார்களா. ஒன்று குறைந்தாலும் இலவச ஆலோசனை மையத்துக்குப் போங்கள். நோட்டீஸின் படத்தை இங்கே போடுவதானால் பெயரையும் முகவரியையும் மறைத்துவிடுங்கள்.

நண்பரின் காகிதங்களை நேற்று விடியற்காலை கேன்டீனில் வைத்துப் பார்த்தோம். டெபாசிட் சரியாக இருக்கிறது, முதல் வாரமே போட்டிருக்கிறார்கள். எரிவாயுச் சான்றிதழ் அவரிடம் இல்லை. ஏஜென்ட்டுக்கு மின்னஞ்சல் போட்டு, எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்று மட்டும் கேட்கச் சொன்னேன். இதுவரை பதில் இல்லை.